சபையைக் கலைத்துவிட்டால் அம்மா கொடுத்த நகை திரும்பி வருமா?

அல்சூர்_ஏரிக்கரை (2025 ஏப்ரல் 12, இரவு)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் பதினொரு வருஷமாக ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனிக்கு வரும் வரைபடக் குறிப்பு, தரச் சோதனை அறிக்கை, இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. மொழி மறந்துவிடக் கூடாது என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஜப்பானியச் செய்தி படிப்பேன். போன மாதம் 25-ஆம் தேதியும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். தலைப்பில் 'கைசான் மெய்ரெய்' என்று இருந்தது. கலைப்பு உத்தரவு என்று அர்த்தம். 'கைசான்' அங்கே சாதாரணமாகப் புழங்குகிற வார்த்தை. பள்ளிக்கூடச் சுற்றுலா முடிந்து ஸ்டேஷன் வாசலில் வாத்தியார் பிள்ளைகளை "சரி, இனி அவரவர் வீட்டுக்குப் போகலாம்" என்று அனுப்புவதற்கும் அதே சொல்தான். அந்தச் சொல்லை ஒரு மத அமைப்பின் பெயருக்குப் பக்கத்தில் பார்த்தபோது என்னவோ செய்தது. அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

செய்தி இதுதான். யூனிஃபிகேஷன் சர்ச் என்று உலகம் முழுக்கப் பேர் தெரிந்த அமைப்பைக் கலைக்கச் சொல்லி டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது. 1954-ல் சியோலில் சன் மியுங் மூன் தொடங்கிய சபை. ஜப்பானில் 1964-ல் மத நிறுவனமாக அங்கீகாரம் வாங்கியது. 2022 ஜூலை 8 அன்று நாரா நகரத்தில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார் இல்லையா, சுட்டவனின் தாய் இந்தச் சபையில்தான் இருந்தார். பத்துக் கோடி யென் அளவுக்குக் காணிக்கை கொடுத்துக் குடும்பமே நொடிந்து போயிருந்தது. கொலைக்கு நான் சமாதானம் தேடவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அந்த நாடே திரும்பிப் பார்த்தது. நாற்பது வருஷத்தில் 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், போன பணம் சுமார் 2,040 கோடி யென் என்று நீதிமன்றம் கணக்கு எடுத்திருக்கிறது. நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேலே. சபை ஒத்துக்கொள்ளவில்லை. இது மத சுதந்திரத்தின் மேல் விழுந்த அடி என்று சொல்லி ஏப்ரல் 7-ஆம் தேதி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

பணம் வாங்கிய விதத்தைப் படித்ததிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போச்சு. "உங்கள் முன்னோர் செய்த பாவம் உங்கள் குடும்பத்தைத் தொடர்கிறது, இந்த ஜாடியை வாங்கினால் தீரும், இந்த முத்திரையை வாங்கினால் தீரும்." இந்த வியாபாரத்துக்கு 'ரெய்கன் ஷோஹோ' என்று அங்கே தனிப் பெயரே உண்டு. இதை எதிர்த்து வக்கீல்கள் 1987-லேயே ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்திருக்கிறார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் அம்மாவுக்கு 71 வயது. அப்பா 2019-ல் தவறிப் போனார். ஒரு வருஷம் கழித்துப் பக்கத்துத் தெருவில் நடக்கும் ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தார். எந்த மதம், என்ன பேர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். பேச நாலு பேர் கிடைத்தார்கள், முகத்தில் வெளிச்சம் வந்தது. போகப் போக, "உங்க வம்சத்துல ஒரு கடன் இருக்கு, அது அடையாம உங்க பொண்ணுக்குக் குழந்தை தங்காது" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. அதை அம்மா யாரிடமோ சொல்லி அழுதிருக்கிறார். அந்தக் கண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

பதினாலு பவுன். நாலு காப்பு, ஒரு கெம்புக்கல் அட்டிகை, அப்பா போட்ட கல்யாணச் சங்கிலி. ஒரு நாள் தலை சீவிவிடும்போது மணிக்கட்டைப் பார்க்கிறேன். நாற்பத்தைந்து வருஷமாகக் காப்பு கிடந்த இடம் மட்டும் வெளுத்து, தோல் மெல்லிசாக, குழந்தைத் தோல் மாதிரி இருக்கிறது. "பேங்க்ல வெச்சிருக்கேன்" என்றார். பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு ஸ்டாம்ப் பேப்பர் கிடைத்தது. "என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய தூண்டுதலும் இன்றிக் கொடுக்கிறேன். நானோ என் வாரிசுகளோ திரும்பக் கேட்க மாட்டோம், கோர்ட்டுக்குப் போக மாட்டோம்." கீழே அம்மாவின் கையெழுத்து, நோட்டரி முத்திரை. தேதி 2023 ஆகஸ்ட்.

கேட்க வந்தது இரண்டு விஷயம். நம் ஊரில் கோர்ட் ஒரு சபையைக் கலைக்க முடியுமா, கலைத்தால் கொடுத்தது திரும்புமா? இரண்டாவது, அப்படிக் கலைப்பது சரிதானா? அம்மா இன்றைக்கும் விடிகாலை நாலரைக்கு எழுந்து அவர்கள் சொல்லிக்கொடுத்த பிரார்த்தனையைச் சொல்கிறார். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. பிடுங்கிக்கொண்டு போனவர்களைச் சும்மா விடவும் மனசு வரவில்லை.

---

ஸ்ரீராமபுரம்_பாலு

மேடம், ஒரே பதில்தான். எல்லாத்தையும் கலைக்கணும். ஜப்பான்காரன் செஞ்சதுதான் சரி. போர்டைக் கழட்டி, பூட்டுப் போட்டு, சொத்தை ஏலம் விட்டு ஜனங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். எங்க பெரியம்மா வீடும் இப்படித்தான் போச்சு. ஒக்களிபுரத்துல சொந்த வீட்ல இருந்தவங்க இப்ப வாடகை வீட்ல இருக்காங்க. மத சுதந்திரம்னு பேசறவங்க ஒரு தடவை வந்து அந்த வாடகையைக் கட்டிட்டுப் பேசட்டும்.

---

காக்ஸ்டவுன்_வக்கீல்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். முப்பத்தோரு வருஷம் மேயோ ஹால் கோர்ட்டில் சிவில் வழக்கு நடத்தினவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

முதல் கேள்வி. ஜப்பானில் 1951-ல் போட்ட மத நிறுவனச் சட்டம் ஒன்று இருக்கிறது. மத அமைப்பு எதுவானாலும் அதன் கீழ் அங்கீகாரம் வாங்கினால்தான் சட்டப்படி ஆள் மாதிரி சொத்து வைத்துக்கொள்ளலாம், வரிச் சலுகையும் உண்டு. கொடுத்த அங்கீகாரத்தைத் திரும்ப எடுப்பதுதான் கலைப்பு. நம் நாட்டில் எல்லா மதத்துக்குமாக அப்படி ஒரே சட்டம் கிடையாது. ஒரு சபை இங்கே டிரஸ்டாக இருக்கும், அல்லது சங்கப் பதிவுச் சட்டத்தில் சொசைட்டியாக இருக்கும், எதிலும் பதியாமலும் இருக்கும். முதலில் அது எது என்று பாருங்கள். ரசீதின் தலைப்பில் பதிவு எண் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பொது டிரஸ்டாக இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவு இருக்கிறது. அதில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட் அனுமதியோடு, கணக்குக் கேட்கலாம், பொறுப்பில் இருப்பவரை நீக்கச் சொல்லலாம், நிர்வாகத்துக்குத் திட்டம் வகுக்கச் சொல்லலாம். நம் கோர்ட்டுகளின் வழக்கம் இதுதான். நடத்துகிறவனை மாற்றும், அமைப்பை விட்டுவைக்கும்.

இதற்கு வேர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. உடுப்பி ஷிரூர் மடத்து வழக்கு, 1954. அப்போது தென் கன்னடம் சென்னை மாகாணத்தில் இருந்ததால் சென்னை அறநிலையத் துறை ஆணையர் ஒரு பக்கம், மடாதிபதி மறு பக்கம். மதக் காரியத்தைத் தானே நடத்திக்கொள்வது ஒரு மதப் பிரிவின் அடிப்படை உரிமை, சொத்து நிர்வாகத்தைச் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் நிர்வாகத்தையே பிடுங்கி வேறு ஒருவரிடம் கொடுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலு தம்பி சொல்கிறபடி பூட்டுப் போடுவது இங்கே லேசில் நடக்காது.

ஆனால் அம்மா, உங்களுக்குத் தேவைப்படுவது அதுவே இல்லை. உங்களுக்கு வேண்டியது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஒருவர் மனசை ஆளும் இடத்தில் இருந்துகொண்டு, அந்தப் பிடியை வைத்தே நியாயமில்லாத லாபம் அடைந்தால் அந்தக் காரியத்தை ரத்து செய்யலாம். வயது, நோய், மன வேதனை இதெல்லாம் அதில் கணக்கு. குருவும் சீடரும் என்றால் இதைவிடத் தெளிவான உதாரணமே கிடையாது. அலகாபாத்தில் மன்னு சிங் என்ற வயதானவர், மறு உலகத்தில் ஆன்மாவுக்கு நல்லது நடக்கும் என்று நம்பித் தன் சொத்து முழுவதையும் உமாதத் பாண்டே என்ற தன் குருவுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு கோர்ட்டுக்கு வந்து ரத்து செய்து வாங்கினார். 1890-லேயே வந்த தீர்ப்பு. நான் சட்டக் கல்லூரியில் முதல் வருஷம் படித்தது, இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட நெருக்கத்தில் இருந்தவர்தான், தான் நேர்மையாக நடந்துகொண்டேன் என்று நிரூபிக்க வேண்டும். அந்த பாரம் உங்கள் அம்மா தலையில் விழாது.

"கோர்ட்டுக்குப் போக மாட்டோம்" என்ற வரியைக் கண்டு பயப்படாதீர்கள். கோர்ட் கதவை முழுசாக அடைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே சட்டத்தில் 28-ஆம் பிரிவு சொல்கிறது. நோட்டரி முத்திரை அந்தக் கையெழுத்து அவருடையது என்பதற்குத்தான் சாட்சி. மனசுக்கு சாட்சி இல்லை.

மூன்று எச்சரிக்கை. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்குக் காலவரம்பு மூன்று வருஷம், விஷயம் தெரியவந்த நாளிலிருந்து. அதைத் தாண்ட விடாதீர்கள். நகையை எந்தத் தேதியில், யார் கையில், எவ்வளவு எடை, ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வழக்குப் போட வேண்டியவர் உங்கள் அம்மா, நீங்கள் இல்லை. அவர் கூண்டில் ஏறி "என்னை அப்படிச் சொல்லிக் கொடுக்க வைத்தார்கள்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். "நானாகத்தான் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டால் என்னைப் போல் நூறு வக்கீல் நின்றாலும் ஒன்றும் நடக்காது.

---

நீலசந்திரா_தங்கச்சி

அக்கா, உங்கள் அம்மா மணிக்கட்டைப் பற்றிப் படித்து அழுதுவிட்டேன். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நாங்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். 'கலைப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிற்றைப் பிசையும்.

ரஷ்யாவில் 2017 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் எங்கள் தலைமை அமைப்பையும் 395 உள்ளூர் அமைப்புகளையும் ஒரே தீர்ப்பில் கலைத்தது. அங்கே ஒன்றே முக்கால் லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தில் கலைத்தார்கள். குண்டு வைத்ததாகவோ யாரையாவது அடித்ததாகவோ வழக்கு இல்லை. எங்கள் மதம்தான் உண்மை என்று நாங்கள் சொல்வதையே தீவிரவாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். மேல்முறையீடும் அதே ஜூலையில் தள்ளுபடி. கட்டடங்கள் போயின. அத்தோடு நிற்கவில்லை. அதன் பிறகு வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பைபிள் படித்தாலும், கலைக்கப்பட்ட அமைப்பைத் தொடர்ந்து நடத்துகிறாய் என்று குற்ற வழக்கு. ஓரெல் நகரத்தில் இருந்த டென்மார்க்காரர் டென்னிஸ் கிறிஸ்டென்சனுக்கு 2019-ல் ஆறு வருஷம் சிறை. தச்சு வேலை செய்கிற மனுஷன்.

இதற்கு முன்னாலேயே 2004-ல் மாஸ்கோ அமைப்பை ஒரு நீதிமன்றம் கலைத்து, ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-ல் அது தப்பு என்று சொல்லியிருந்தது. 2017 தீர்ப்பும் சட்டவிரோதம் என்று 2022 ஜூன் 7-ல் சொன்னது. அதற்குள் ரஷ்யா, அந்த நீதிமன்றம் சேர்ந்த ஐரோப்பிய கவுன்சிலிலேயே இல்லை. ஜெயித்த தீர்ப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கதவு இல்லை, அக்கா.

நம் நாடு வேறு மாதிரி நடந்துகொண்டதும் எனக்குத் தெரியும். கேரளத்தில் 1985-ல் எங்கள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்று பள்ளியை விட்டு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்ட் 11 அன்று அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார்: நம் மரபு சகிப்பைக் கற்றுத் தருகிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசியல் சாசனம் சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நாம் நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம். இந்த வரிகளை எங்கள் அப்பா ஒரு அட்டையில் எழுதி என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து அனுப்புவார். நான் நாலாவது படிக்கும்போது பிரேயரில் வாய் மூடி நின்றதற்கு ஒரு டீச்சர் ஸ்கேலை நிமிர்த்தி விரல் முட்டியில் அடித்தார். அப்பா மறுநாள் அந்த அட்டையோடு போய் ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில் வைத்தார். பிறகு என்னை யாரும் தொடவில்லை. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, ஓரமெல்லாம் நைந்துபோய்.

எங்களிடமும் குறை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கலைக்கிற கத்தியைக் கையில் கொடுத்தால் அது அடுத்து யாரை வெட்டும் என்று நினைத்துப் பாருங்கள், பாலு அண்ணா.

---

அல்சூர்_ஏரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் சார், நீங்கள் எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கச்சி, உங்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஜப்பானியத் தீர்ப்பைப் பற்றிய செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். ரஷ்யாவில் நடந்ததும் இதுவும் ஒன்றில்லை என்றே நினைக்கிறேன். ஓம் ஷின்ரிக்கியோ என்ற மத அமைப்பை நினைவிருக்கும், 1995 மார்ச் 20-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற விஷ வாயுவை விட்டவர்கள். அந்த அக்டோபரிலேயே கலைப்பு உத்தரவு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரி 30-ல் நீதிபதிகள் சொன்னது இது: கலைப்பதால் போவது சட்ட அந்தஸ்து மட்டும்தான், நம்பிக்கையாளர்கள் கும்பிடுவதையோ கூடுவதையோ சட்டம் தடுக்கவில்லை. பாலு, உங்களுக்கும் இது தெரிய வேண்டும். ஓம் கலைந்தது, ஆனால் ஆட்கள் அலெஃப் என்று வேறு பெயரில் இன்னமும் இருக்கிறார்கள், அரசு கண்காணிப்பில். போர்டைக் கழற்றினால் கூட்டம் கலைந்துவிடும் என்பது நடக்கவில்லை.

அங்கே கும்பிடுகிறவர் ஜெயிலுக்குப் போவதில்லை. தங்கச்சி, என் பார்வையில் பெரிய வித்தியாசம் அதுதான். உங்கள் ஆட்களிடம் ரஷ்யா பிரார்த்தனையைப் பறித்தது. இவர்களிடம் ஜப்பான் எடுப்பது காணிக்கைப் பெட்டிக்குக் கிடைத்த வரிச் சலுகையையும் சொத்து வைத்துக்கொள்ளும் அந்தஸ்தையும்.

ஆனாலும் ஒன்று எனக்கே உறுத்துகிறது, மறைக்க மாட்டேன். வக்கீல் சார் சொன்ன ஜப்பானிய மத நிறுவனச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, சட்டத்தை மீறிப் பொது நலனுக்குப் பெரும் கேடு செய்தால் கலைக்கலாம் என்கிறது. இதற்கு முன் அப்படிச் சட்டமீறலுக்காகக் கலைக்கப்பட்டவை இரண்டே. ஓம், கொலைக் குற்றம். 2002-ல் வாகயாமாவில் மியோகாகுஜி என்ற கோயில், பூசாரிகளின் மோசடிக் குற்றம். இரண்டும் கிரிமினல். இந்தச் சபைமேல் இருப்பதோ சிவில் தீர்ப்புகள், நஷ்டஈடு கொடு என்று. சிவில் மீறல் இதில் சேராது என்று 2022 அக்டோபர் 18 அன்று பிரதமர் கிஷிதா பார்லிமெண்டில் சொன்னார். மறுநாள் 19-ஆம் தேதி, சேரும் என்றார். ஒரே ராத்திரி. சபை இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அரசியலுக்காக விதியை மாற்றினீர்கள் என்று. இந்த மார்ச் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிவில் மீறலும் சேரும் என்று தீர்த்துவிட்டது. அமைச்சகம் கேட்ட கேள்விகள் சிலவற்றுக்குச் சபை பதில் தராததால் வந்த அபராத வழக்கில் சொன்னது அது, அபராதம் ஒரு லட்சம் யென். இருந்தாலும் கலைப்பு வழக்கின் விசாரணை முழுவதும் மூடிய அறைக்குள் நடந்தது. ஒரு மத அமைப்பையே கலைக்கிற வழக்கு திறந்த கோர்ட்டில் நடக்க வேண்டாமா? உயர் நீதிமன்றமும் கலைப்பு உத்தரவை உறுதி செய்தால் உடனே அமலுக்கு வந்துவிடும், மேலே போனாலும் நிற்காது. இந்த இடத்தில் தங்கச்சியின் பயம் நியாயம் என்று ஒத்துக்கொள்கிறேன்.

பணம் திரும்புமா என்று கேட்டேன் அல்லவா? அங்கே கோர்ட் ஓர் ஆளை நியமித்து, சொத்தை எண்ணி, கடனை அடைக்கும். நஷ்டஈடு பாக்கி அதில் சேரும். அது போக மிச்சம் இருந்தால் அந்த அமைப்பின் சொந்த விதி எங்கே சொல்கிறதோ அங்கே போகும். கேட்டு வந்தவருக்குத்தான் கிடைக்கும். கேட்காதவருக்கு யாரும் தேடிக்கொண்டு வந்து தர மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வேறு ஒரு வழக்கு. நாகானோ பகுதியில் ஒரு வயதான அம்மா, பத்துக் கோடி யென்னுக்கு மேல் கொடுத்தவர். 2015-ல் அவருடைய 86-ஆவது வயதில் அவரிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "என் சொந்த விருப்பத்தில் கொடுத்தேன், திரும்பக் கேட்க மாட்டேன், வழக்குப் போட மாட்டேன்." நோட்டரி சான்றும் வாங்கி, அவர் சொல்வதை வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறார்கள். அரை வருஷத்தில் அவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழக்கு நடக்கும்போதே 2021-ல் இறந்துபோனார். மகள் விடவில்லை. போன வருஷம் ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம், அந்தக் காகிதம் செல்லாது, மறுபடி விசாரி என்று கீழே அனுப்பியது.

எங்கள் பீரோவில் கிடந்த காகிதத்தின் வாசகமும் அதுவும் ஏறக்குறைய வரிக்கு வரி ஒன்று. நான் மொழிபெயர்க்கிறவள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை இன்னொன்றின் மொழிபெயர்ப்பு என்றே சொல்வேன்.

---

ஸ்ரீராமபுரம்_பாலு

மேடம், தங்கச்சி, நான் கோவத்துல எழுதிட்டேன். பெரியம்மா ஞாபகம். அந்த அட்டை விஷயம் படிச்சேன், மனசு கஷ்டமா இருந்துச்சு. வக்கீல் சார், மூணு வருஷம் தாண்டிடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதா? பெரியம்மா எழுதிக் கொடுத்தது 2018.

---

காக்ஸ்டவுன்_வக்கீல்

தம்பி, எழுதிக் கொடுத்த தேதியை மட்டும் பார்க்காதீர்கள். தன்னை எப்படி ஏமாற்றினார்கள் என்பது பெரியம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்பதும் கணக்கு. ஆனால் அதைச் சாட்சியோடு காட்ட வேண்டும், சுலபம் இல்லை. வீடு என்றால் பதிவுப் பத்திரம் இருக்கும். வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம். பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

---

அல்சூர்_ஏரிக்கரை (ஏப்ரல் 20, ஞாயிறு)

இன்றைக்கு மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவிடம் கோர்ட், கேஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நாகானோ அம்மாவின் கதையை மட்டும் சொன்னேன். காகிதத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். அம்மாவின் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "வீடியோ எடுக்கும்போது அந்தம்மா பக்கத்துல யார் இருந்தா?" என்று கேட்டார். சபை ஆட்கள் என்றேன். "எனக்கும் ரெண்டு பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாங்க. படிச்சுப் பாக்க கண்ணாடி எடுத்துட்டு வரலைன்னு சொன்னேன். நாங்களே படிக்கறோம்மான்னாங்க."

இது எனக்கு இதுவரை தெரியாது.

பிறகு, "அந்தம்மாவுக்கு மக இருந்தாளா?" என்றார். இருக்கிறாள், அம்மா போன பிறகும் அவள்தான் நடத்தினாள் என்றேன். "நான் காலைல பிரார்த்தனை பண்றதை நிறுத்தணுமா?" என்று குழந்தை மாதிரி கேட்டார். வேண்டாம்மா, அதை யாரும் கேட்கவில்லை, அது உங்களுடையது என்றேன்.

எழுந்து போய் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஏழு ரசீது. காப்பு இரண்டு, காப்பு இரண்டு, அட்டிகை, சங்கிலி, மூன்று தடவை ரொக்கம். எல்லாவற்றிலும் தேதி இருக்கிறது, வாங்கினவர் கையெழுத்து இருக்கிறது, இரண்டில் எடைகூடப் போட்டிருக்கிறது. தலைப்பில் பதிவு எண்ணும் இருக்கிறது சார், டிரஸ்ட் என்றே போட்டிருக்கிறது. கடைசி ரசீது 2024 ஜனவரி.

வக்கீல் சார், வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால் உங்களுக்குத் தோதுப்படுமா? அம்மாவும் வருகிறேன் என்கிறார். முட்டி வலி, படி ஏற முடியாது. உங்கள் வீடு கீழ்த்தளம்தானா என்று மட்டும் சொல்லுங்கள்.